ஓ இழந்த மர்ஃபி

2024 மார்ச் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆஸ்கர் விழாவில், 'ஓப்பன்ஹைமர்' படத்தில் அணுகுண்டு விஞ்ஞானியாக நடித்தவர் சிறந்த நடிகர் விருதை வாங்கினார். அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் கார்க் அவருடைய ஊர். அவருடைய முதல் பெயரை எப்படிச் சொல்வது என்பதில் உலகம் முழுக்கக் குழப்பம். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் 'சிலியன்' என்றவர்கள் ஏராளம். அயர்லாந்தில் அது 'கிலியன்'. அதன் பின்னால் வருகிற மர்ஃபியைச் சொல்வதில் மட்டும் யாருக்கும் நாக்குத் தடுக்கவில்லை.

சொல்பவர்களைத் திணறடிக்கும் 'கிலியன்' தன் பழைய ஒலியோடு இன்னும் நெருக்கமாகத்தான் இருக்கிறது. எளிதாகத் தெரிகிற மர்ஃபிதான் ஒலி, எழுத்து, முன்னொட்டு என்று எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து நிற்கிறது. அயர்லாந்தில் மிக அதிகமானவர்கள் தாங்கும் குடும்பப் பெயரும் அதுவே. பதிவுத் துறை அதிகாரி ராபர்ட் மேத்சன் 1894ல் வெளியிட்ட அறிக்கை இதை முதன்முதலாக எண்ணிக்கையோடு சொன்னது. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவேட்டில் 1,386 மர்ஃபிகள் இருந்தார்கள். அதை வைத்து நாடு முழுக்க ஏறத்தாழ 62,600 மர்ஃபிகள் இருப்பார்கள் என்று அவர் கணக்கிட்டார். அடுத்த இடத்தில் இருந்த கெல்லிகள் 55,900 பேர். மூன்றாவதாகச் சல்லிவன்கள் 43,600 பேர்.

ஒரே பெயர் இத்தனை பேருக்கு எப்படி வந்தது? ஒரு குலம் பெருகிப் பெருகி நாட்டை நிறைத்ததாக நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களை ஆங்கில எழுத்து ஒரே பெயருக்குள் தள்ளிவிட்டது.

கடலும் போரும்

மர்ஃபியின் மூலம் முருஹத் என்ற பழைய ஐரிஷ் ஆண் பெயர். இதில் இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. 'முயிர்' என்றால் கடல். 'கத்' என்றால் போர். கடலில் போர் செய்பவன், கடல் வீரன் என்று பொருள் கொள்கிறார்கள். வடக்கிலிருந்து வைக்கிங்குகள் படகுகளில் வந்து கரையோர மடங்களைச் சூறையாடிய காலத்தில் இப்படி ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பெருமைக்குரிய காரியம். ஐரிஷ் மன்னர்களிலும் இளவரசர்களிலும் முருஹத்துகள் பலர். 1014ல் டப்ளின் அருகே குளோன்டார்ஃப் போரில் தந்தை பிரையன் போருவோடு சேர்ந்து மாண்ட மூத்த மகனின் பெயரும் இதுதான்.

முருஹத்தின் வழிவந்தவர்கள் ஐரிஷ் மொழியில் 'ஓ முருஹதா'. நூற்றாண்டுகள் போகப் போக, கடைசியில் இருந்த மெல்லிய 'த' ஒலி பேச்சில் தேய்ந்து மறைந்தது. எழுத்தில் மட்டும் அது தங்கியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் எழுத்துமுறையைச் சீர்திருத்தியபோது அதையும் விட்டுவிட்டார்கள். இன்றைய வடிவம் 'ஓ முருஹூ'. பழைய நீளமான எழுத்தையே விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு.

இந்தப் பெயரைச் சரியாகச் சொல்வது தமிழருக்குக் கடினமில்லை. அழுத்தம் முதல் அசையான 'மு'வில் விழுகிறது. எழுத்தில் ரகரத்தை ஒட்டியே அடுத்த மெய் வந்தாலும், பேசும்போது நடுவில் ஒரு குற்றுயிர் நுழைந்துவிடும். ஐரிஷ் மொழியின் இயல்பு அது. அதனால்தான் இரண்டு அசையாக எழுதினாலும் 'மு-ரு-ஹூ' என்று மூன்று அசை கேட்கிறது. மூன்றாவது அசையில் இருப்பது சாதாரண ஹகரமும் இல்லை. 'மகன்' என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வருகிற ககரத்தைச் சற்றுத் தொண்டைக்குள் தள்ளி, மூச்சோடு உரசவிட்டால் அந்த ஒலி வந்துவிடும்.

ஆங்கிலேயரைத் திணறவைத்தது இந்த உரசல்தான். அவர்கள் மொழியிலும் ஒரு காலத்தில் அதே ஒலி இருந்தது. மெல்ல மெல்ல அது சில சொற்களில் முற்றாக மறைந்தது. சில சொற்களில் ஃபகரமாக மாறியது. இருமலைக் குறிக்கும் 'காஃப்', சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்' ஆகிய சொற்களின் கடைசியில் எழுத்தில் ஜி, எச் இருக்க, வாயில் ஃபகரம் வருவதற்கு இதுவே காரணம். முருஹூ மர்ஃபியானதும் இதே தடத்தில்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்குத் துணைச் சான்றும் கிடைக்கிறது. டொனஹா என்ற பெயரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒரு பக்கம் 'டொனஹூ' என்றும், கில்கென்னி பக்கம் 'டன்ஃபி' என்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அங்கேயும் அதே உரசல் ஃபகரமாகியிருக்கிறது.

எல்லா இடத்திலும் மாற்றம் ஒரே மாதிரி நடந்துவிடவில்லை. உரசல் ஒலி முற்றிலும் உதிர்ந்த இடத்தில் 'மாரோ' என்ற குடும்பப் பெயர் பிறந்தது. கெர்ரி பக்கம் 'மார்ஃபி' என்ற எழுத்து நிலைத்தது. வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தின் பழைய தலைவர் குடும்பம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மர்ஃபியை விட்டுவிட்டு 'ஓ மொரஹூ' என்று எழுதத் தொடங்கி, மூல ஒலிக்குப் பக்கத்தில் போனது.

ஓவும் மக்கும்

ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர்கள் மிக முன்னதாக வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. கால்வே பகுதியில் அய்னே என்ற நிலத்தின் தலைவர் டியர்னஹ் ஓ கிளேரி 916ல் இறந்ததை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பரம்பரைக் குடும்பப் பெயருக்கு அந்த நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக வரலாற்றாளர்கள் இதையே எடுத்துக்காட்டுவது வழக்கம். 'நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்பு' என்ற பெருந்தொகுப்பை 1632 முதல் 1636 வரை டோனகல் பகுதியில் தலைமையேற்றுத் தொகுத்த மிஹால் ஓ கிளேரியும் அதே பெயர்க்காரர். 700 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயர் குடும்பத்தில் தொடர்ந்தது.

'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன். விரிந்த பொருளில் வழித்தோன்றல். முன்னோர் ஒருவரின் பெயரை முன்னொட்டோடு சேர்த்தால் குடும்பப் பெயர் கிடைத்துவிடும். பிரையன் போருவின் வழிவந்தவர்கள் ஓ பிரையன்கள் ஆனது இப்படித்தான். ஓவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போடுகிற மேற்குறி ஐரிஷ் மொழியில் கிடையாது. ஐரிஷில் ஓ நெடில் என்பதைக் காட்ட எழுத்தின் தலைமேல் ஒரு சாய்கோடு இடுவார்கள். அதைப் பார்த்த ஆங்கில எழுத்தர்கள் பக்கத்தில் ஒரு மேற்குறி போட்டுவிட்டார்கள். இன்று விமான நிறுவனங்களின், வங்கிகளின் கணினிப் படிவங்கள் ஏற்க மறுத்து அயர்லாந்துக்காரர்களைப் படுத்தும் குறி அதுதான்.

பெண்களுக்கு வடிவமே வேறு. ஓவும் மக்கும் ஆணுக்குரியவை. ஓ முருஹூ வீட்டில் பிறந்த மகள் 'நீ வுருஹூ'. 'நீ' என்பது அந்த வழியில் வந்த மகள் என்பதைக் காட்டும் முன்னொட்டு. அதற்குப் பின்னால் மகரம் மென்மையடைந்து வகரமாகிவிடுகிறது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் கணவர் பெயரை ஏற்றுக்கொண்டால் 'ஈ வுருஹூ'. ஆங்கிலத்தில் இந்த மூவரும் மர்ஃபிகளே. மகள் யார், மருமகள் யார் என்று பெயரே சொல்லிவிடும் வசதியை மொழிமாற்றம் ஓசையில்லாமல் பறித்துக்கொண்டது.

ஒரே பெயருக்குள் பல வீடுகள்

முருஹத் என்ற முன்னோர் ஒருவர் மட்டும் இருந்ததில்லை. தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டின் பலக்கீன் பகுதியில் ஒரு ஓ முருஹூ குடும்பம் செல்வாக்கோடு இருந்தது. தெற்கே கார்க்கில் மஸ்கெரி பக்கம் இன்னொரு குடும்பம். மேற்கில் ஸ்லைகோ, ராஸ்காமன் பக்கம் வேறொன்று. வடக்கே டைரோன், ஆர்மா பக்கம் இருந்தவர்கள் மக் முருஹூக்கள். அவர்களுடைய முன்னொட்டே வேறு. ஆங்கில எழுத்து எல்லோருடைய முன்னொட்டையும் உதிர்த்துவிட்டு, எல்லோரையும் மர்ஃபி என்று எழுதிக்கொண்டது. மர்ஃபிகள் முதலிடத்துக்கு வந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

அயர்லாந்து வரலாற்றை மாற்றிய மனிதர் ஒருவரும் இந்தப் பெயருக்கு உறவினர். லெயின்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோவின் பெயரில் இருக்கும் 'மரோ' இதே முருஹத்தான். 1166ல் ஆட்சியை இழந்த அவர் கடல் கடந்து இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டார். 1169ல் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் பானோ விரிகுடாவில் நார்மன் வீரர்கள் வந்து இறங்கினார்கள். மறுஆண்டு 'ஸ்ட்ராங்போ' என்று பெயர் பெற்ற ரிச்சர்ட் டி கிளேர் படையோடு வந்து, டெர்மட்டின் மகள் ஈஃபாவை மணந்துகொண்டார். 1171ல் டெர்மட் இறந்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் ஹென்றியே அயர்லாந்துக்கு வந்துவிட்டார். வெக்ஸ்ஃபோர்டின் மர்ஃபிகள் டெர்மட்டின் குலத்தோடு உறவுடைய கிளை. அவருடைய நேர் வாரிசுகள் கவனா, கின்செல்லா என்ற பெயர்களில் தொடர்ந்தார்கள்.

பெயரின் மேல் விழுந்த அடி

நார்மன்கள் வந்த பிறகு பெயர் அரசியல் விவகாரமானது. 1366ல் கில்கென்னியில் இயற்றிய சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பெயர் வைத்துக்கொள்ளவும் ஐரிஷ் பேசவும் தடை விதித்தன. 1465ல் அது எதிர்த்திசையில் திரும்பியது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் மாவட்டங்களில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. என்ன மாதிரிப் பெயர் என்பதையும் சட்டமே வகுத்தது: சட்டன், செஸ்டர், ட்ரிம் போன்ற ஊர்ப்பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற நிறம், கொல்லன், தச்சன் போன்ற தொழில், சமையற்காரர், பட்லர் போன்ற பணி. கொல்லன் மகன் என்று பொருள்படும் 'மகவுன்' குடும்பங்கள் பின்னாளில் ஸ்மித் ஆனதும் இந்த வழியில்தான். அயர்லாந்தில் வாழ்ந்த ஸ்மித்களில் பலர் ரத்தத்தால் ஐரிஷ்காரர்கள்.

ஓ என்ற ஒற்றை எழுத்துக்கு அதிகாரம் இருந்ததற்கு 1595ஆம் ஆண்டு நல்ல சான்று. அந்த ஆண்டு வடக்கின் தலைவர் ஹ்யூ ஓநீல் டல்லிஹோக் குன்றில் பட்டமேற்று, 'ஓ நீல்' என்ற தலைமைப் பெயரைச் சூடினார். இங்கிலாந்து அரசி கொடுத்த டைரோன் பிரபு என்ற பட்டத்தைவிட அவருடைய மக்களுக்கு இது பெரியது. ஆங்கிலேயரோடு நடந்த போரில் அவர் தோற்கும் நிலை வந்தபோது, 1602ல் ஆங்கிலத் தளபதி மவுன்ட்ஜாய் அந்தக் குன்றில் இருந்த பட்டக்கல்லை உடைத்தெறிந்தார். 1603ல் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஓநீல் அந்தப் பட்டப்பெயரையே துறக்க வேண்டியிருந்தது. 1607ல் வடக்கின் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனார்கள். அவர்களுடைய நிலம் ஆங்கில, ஸ்காட்டிஷ் குடியேறிகளின் கைக்கு மாறியது.

அடுத்த நூறு ஆண்டுகளில் ஓவும் மக்கும் உதிரத் தொடங்கின. அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கிராம்வெல் காலத்து நிலப்பறிப்புக்குப் பிறகு, 1695 முதல் வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர்களை ஒவ்வொரு பக்கமாக நெருக்கின. நிலம் வாங்க முடியாது; 5 பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்க முடியாது; பிறகு வாக்குரிமையும் போனது. பண்ணையாரிடம் குத்தகை கேட்டு நிற்பவருக்கு, நான் பழைய ஐரிஷ் குலத்தவன் என்று அறிவிக்கும் முன்னொட்டு சுமையானது. நீதிமன்றம், வாடகைப் பேரேடு, வரிப் பதிவு எல்லாம் ஆங்கிலம். திருச்சபைப் பதிவேட்டில்கூடக் குழந்தையின் முதல் பெயரைப் பாதிரியார் லத்தீனில் எழுதுவார்; குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார். வீட்டில் ஓ முருஹூ, வெளியில் மர்ஃபி என்று இரண்டு பெயரோடு வாழ்ந்த தலைமுறைகள் இருந்தன. வீட்டில் ஐரிஷ் பேசுவது நின்ற இடங்களில் அந்த வீட்டுப் பெயர் நினைவிலிருந்தும் போனது.

நாடு விட்டுப் போனவர்களிடம் ஓ தங்கியது. பிரான்சில் ரூவான் நகரத்தில் 1737ல் ஐரிஷ் வம்சாவளியில் பிறந்த மரி லூயிஸ், மன்னர் 15ஆம் லூயியின் காதலியாகப் புகழ்பெற்றார். ஓவியர் பூஷேயின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றுக்கு அவரே முன்மாதிரி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. பிரெஞ்சு வரலாறு அவரை 'ஓமர்ஃபி' என்றே பதிவு செய்திருக்கிறது. அயர்லாந்தில் உதிர்ந்த ஓ, வெர்சாய் அரண்மனை வட்டாரத்தில் உயிரோடு இருந்தது.

முன்னொட்டு போனாலும் பெயரின் வீரம் போகவில்லை. 1798 மே 26 அன்று வெக்ஸ்ஃபோர்டில் பூலவோக் ஊரின் பாதிரியார் ஜான் மர்ஃபி மக்களைத் திரட்டி ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் இறங்கினார். முதலில் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அமைதியாக இருங்கள் என்று சொன்னவர் அவர். படையினர் ஊர்களில் வைத்த தீயும் நடத்திய சித்திரவதையும் அவரை மாற்றின. மறுநாள் ஊலர்ட் குன்றில், பெரும்பாலும் ஈட்டிகளையே வைத்திருந்த விவசாயிகள் துப்பாக்கி ஏந்திய படையைத் தோற்கடித்தார்கள். ஜூன் 9 அன்று ஆர்க்லோவில் இன்னொரு பாதிரியார், மைக்கேல் மர்ஃபி, சண்டையில் இறந்தார். ஜூன் 21ல் வினிகர் குன்றில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் ஜான் மர்ஃபியை டல்லோ ஊரில் தூக்கிலிட்டார்கள். நூறு ஆண்டு நிறைவில், 1898ல், பி. ஜே. மெக்கால் எழுதிய 'பூலவோக்' பாடல் இன்றுவரை வெக்ஸ்ஃபோர்ட் மக்களின் ஊர்ப்பாடலாக இருக்கிறது.

உருளைக்கிழங்குக்கும் மர்ஃபி என்று பேர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் கொச்சைப் பேச்சில் உருளைக்கிழங்கை 'மர்ஃபி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அயர்லாந்து ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு, அந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் மர்ஃபி. இரண்டையும் கேலியாக ஒன்றாக்கிவிட்டார்கள். உருளைக்கிழங்குக்கு 'ஸ்பட்' என்றும் ஆங்கிலத்தில் பெயர் உண்டு. அதனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரும் மர்ஃபி யாராக இருந்தாலும் 'ஸ்பட் மர்ஃபி' ஆகிவிடுவார்.

1845ல் அந்தக் கிழங்கை அழுகல் நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851ல் சுமார் 66 லட்சமாகக் குறைந்தது. லண்டன் நிதித்துறையில் பஞ்ச நிவாரணத்தைக் கையில் வைத்திருந்தவர் சார்ல்ஸ் ட்ரெவெலியன். அரசு அதிகம் உதவினால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கொள்கையோடு அவர் நிவாரணத்தைக் கட்டுப்படுத்தினார் என்ற கோபம் அயர்லாந்தில் இன்றும் ஆறவில்லை. அதே ட்ரெவெலியன் 1859ல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, ஓராண்டில் திருப்பி அழைக்கப்பட்டார்.

பஞ்ச காலத்தில் தொடங்கி 1864 வரை நில மதிப்பீட்டுப் பதிவேடுகள் வெளிவந்தன. 'கிரிஃபித் மதிப்பீடு' என்று பெயர். அவற்றில் கார்க் மாவட்டப் பக்கங்களைப் புரட்டினால், பெயர்ப் பஞ்சம் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரே சிற்றூரில் ஒரே முதல் பெயரோடு இரண்டு மூன்று மர்ஃபிகள் இருப்பார்கள். யாருடைய வயல் எது என்று தெரியாமல் போகக்கூடாதே என்று எழுத்தர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையோ, செம்பட்டை முடி போன்ற அடையாளத்தையோ, தொழிலையோ சிறிதாகச் சேர்த்திருப்பார். கிராமத்தில் அப்பா பெயர், தாத்தா பெயர் இரண்டையும் பெயரோடு கோத்துக் கூப்பிடும் பழக்கமும் இருந்தது. பழைய ஓவும் மக்கும் செய்துவந்த வேலையை, அவை போன பிறகு ஊர்வாய் தானாகவே மறுபடி செய்துகொண்டது.

ரேடியோவில் வந்த பெயர்

கப்பலேறியவர்களோடு பெயரும் பரவியது. இன்று அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மர்ஃபிகள். அவர்கள் எல்லோரும் ஐரிஷ் வம்சாவளியினர் இல்லை. அடிமை முறை ஒழிந்த காலத்தில் பல கறுப்பினக் குடும்பங்கள் இந்தப் பெயரோடு வெளியே வந்தன. கென்டக்கியில் 1861ல் பிறந்த ஐசக் பர்ன்ஸ், குதிரைப் பந்தயத்தில் இறங்கியபோது தாய்வழித் தாத்தா கிரீன் மர்ஃபியின் பெயரை ஏற்று ஐசக் மர்ஃபி ஆனார். 1884, 1890, 1891 என்று மூன்று முறை கென்டக்கி டெர்பியை வென்றவர் அவர். அமெரிக்கப் பந்தய வீரர்களின் புகழ் மண்டபம் 1955ல் தன் முதல் பட்டியலிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது.

பொருள்களுக்கும் விதிகளுக்கும்கூட இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பகலில் சுவரோடு மடக்கி நிறுத்திவிடும் கட்டில், சான் பிரான்சிஸ்கோவின் வில்லியம் லாரன்ஸ் மர்ஃபியால் 'மர்ஃபி கட்டில்' ஆனது. 1989ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இது இனி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமான பெயர் இல்லை, பொதுச்சொல்லாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. தவறு நடக்க வழியிருந்தால் தவறு நடந்தே தீரும் என்ற 'மர்ஃபி விதி' 1949ல் கலிபோர்னியா விமானப்படைத் தளத்தில் பிறந்தது. ராக்கெட் சறுக்கு வண்டியில் மனித உடல் எவ்வளவு விசை தாங்கும் என்று சோதித்தபோது, அளவுக் கருவிகளில் கம்பிகளைத் தலைகீழாக இணைத்திருந்ததைப் பொறியாளர் கேப்டன் எட்வர்ட் மர்ஃபி கண்டுபிடித்தார். அப்போது அவர் சலித்துக்கொண்டு சொன்னதே நாளடைவில் விதியாகச் சுருங்கியது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது ரேடியோவில். ஃபிராங்க் மர்ஃபி 1929ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர், பின்னர் இந்தியாவில் தயாரான வானொலிப் பெட்டிகளுக்கும் வந்தது. உதட்டில் விரல் வைத்திருக்கும் குழந்தைப் படம் போட்ட மர்ஃபி ரேடியோ காலண்டர் சுவரில் தொங்காத தெரு அந்தக் காலத்தில் குறைவு. 2012ல் வந்த 'பர்ஃபி' இந்திப் படத்தின் நாயகனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் மர்ஃபி. அந்த ரேடியோவை நினைத்து வைத்தது. பேச வராத அவன் வாயில் அது 'பர்ஃபி' ஆகிறது. முருஹத்தில் தொடங்கிய ஒலிப்பயணம், அந்தப் படத்தின் கதை நடக்கும் டார்ஜிலிங் மலை வரைக்கும் நீண்டதற்கு இதுவே அடையாளம்.

இப்போது ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் உச்சரிப்பு ஒரே மாதிரி இல்லை. அயர்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ரகரம் தெளிவாகக் கேட்கும். தென் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ரகரம் மறைந்து முன்னால் இருக்கும் உயிர் நீளும். டப்ளின் உழைக்கும் மக்களின் பழைய பேச்சில் 'முர்ஃபி' போல ஒலிப்பதுண்டு. தற்செயலாகவோ என்னவோ, மூலப் பெயரின் உகரத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

திரும்பி வராத ஓ

1893ல் டக்ளஸ் ஹைடும் ஓயன் மக்நீலும் மற்றவர்களும் சேர்ந்து கேலிக் லீக் அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரிஷ் மொழியை மீட்கும் அந்த இயக்கத்தோடு பெயர்களும் எழுந்து நின்றன. சல்லிவன்கள் ஓ சல்லிவன் ஆனார்கள். கானர்கள் ஓ கானர் ஆனார்கள். அயர்லாந்தின் முதன்மைப் பாரம்பரியப் பதிவாளராக இருந்து குடும்பப் பெயர்களை ஆராய்ந்த எட்வர்ட் மக்லைசாட், வெறும் லைசாட்டாகப் பிறந்து மக்கைத் தாமே சேர்த்துக்கொண்டவர். அவர் 1957ல் வெளியிட்ட 'ஐரிஷ் குடும்பங்கள்' நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

மர்ஃபிகள் மட்டும் இந்த மீட்சியில் சேரவில்லை என்பதை மக்லைசாட்டும் கவனித்திருக்கிறார். ஓ சல்லிவன், ஓ நீல் எல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கும் அயர்லாந்தில் 'ஓ மர்ஃபி' என்று ஒருவரைப் பார்ப்பது அரிது. காரணத்தை ஊகிக்க முடிகிறது. சல்லிவனுக்கு முன்னால் ஓ வைத்தால் பழைய ஒலியே திரும்பி வருகிறது. மர்ஃபியின் ஃபகரமோ முழுக்க ஆங்கில எழுத்துக்காரர் கொடுத்தது. அதன் முன் ஓ வைத்தால் பாதி ஐரிஷ், பாதி ஆங்கிலம் என்று இரண்டும் கெட்ட பெயராகத் தெரியும். மீட்க விரும்பியவர்கள் மர்ஃபியையே விட்டுவிட்டு, முழுதாக ஓ முருஹூவுக்குப் போனார்கள். மற்றவர்கள் மர்ஃபியோடே இருந்துவிட்டார்கள்.

இரண்டு பெயரும் இன்று அருகருகே வாழ்கின்றன. கடவுச்சீட்டில் மர்ஃபி என்று இருக்கும் சிறுமி, ஐரிஷ் வழிப் பள்ளியில் நீ வுருஹூ என்று வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கிறாள். ஐரிஷ் மொழித் தொலைக்காட்சிச் செய்தியிலும் கல்லறைக் கல்வெட்டுகளிலும் ஓ முருஹூக்களைப் பார்க்கலாம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு அந்தப் படிவத்தைச் சேகரித்தவர்கள் போலீஸ்காரர்கள். குடும்பத்தில் யாருக்கு ஐரிஷ் தெரியும் என்று கேட்க அதில் தனிக் கட்டம் இருந்தது. 1911ல் சிலர் அந்தக் கட்டத்தோடு நிறுத்தாமல் முழுப் படிவத்தையும், தங்கள் பெயர் உட்பட, ஐரிஷிலேயே நிரப்பிக் கொடுத்தார்கள்.

கேலிக்கும் கிழங்குக்கும் விதிக்கும் கட்டிலுக்கும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பொருளைக் கேட்டதில்லை. அடுத்த முறை திரையில் கிலியன் மர்ஃபியின் பெயரைப் பார்க்கும்போது, ஒரு முறையாவது 'ஓ முருஹூ' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ் நாவுக்கு அது லண்டன்காரர் நாவைவிட நன்றாகவே வரும். மேத்சன் எண்ணியபோது முதலிடத்தில் இருந்த மர்ஃபி, அயர்லாந்துப் புள்ளியியல் அலுவலகம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட பிறப்புப் பட்டியல்களிலும் முதலிடத்தில்தான் இருக்கிறது.